பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாகணுமே: சென்னைத் தெரு பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

பஸ்ஸையே ஃப்ரீயா விட்டுட்டாங்க, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?

இதைத்தான் நிறைய பேர் கேக்கறாங்க, அதனால இதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். எங்கம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, நாங்க பெரம்பூர் பக்கம் இருக்கோம். 2021 மே மாசத்துலேர்ந்து சாதா கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுன்னு வந்தப்போ அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம், வெள்ளிக்கிழமையானா 29சி புடிச்சு லஸ்ல இறங்கி கபாலி கோயிலுக்குப் போயிட்டு வருவாங்க, யார்கிட்டயும் காசு கேக்க வேண்டியதில்ல பாருங்க. இப்போ ரெண்டு வருஷமா போறதில்ல. பஸ் இருக்கு, டிக்கெட்டும் ஃப்ரீதான். ஆனா வீட்லேர்ந்து ஸ்டாப்புக்கு இருக்கற நானூறு மீட்டர் அவங்களால நடக்க முடியல. ஒரு நாள் கூடவே போய் எண்ணிப் பார்த்தேன், அந்த நானூறு மீட்டருக்குள்ள பிளாட்பாரத்துலேர்ந்து ரோட்டுக்கு இறங்கி திரும்ப ஏற வேண்டிய இடம் மட்டும் 11. அதுல ஒரு இடத்துல டேப் வெச்சு அளந்தேன், 34 சென்டிமீட்டர் உயரம். முட்டி வலி இருக்கறவங்க வீட்ல யாராவது இருந்தா 34 சென்டிமீட்டர்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், சுவரைப் புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல காலை வெச்சு ஏறணும், புடிக்கறதுக்கு அங்க சுவரும் கிடையாது.

அதனால என்ன வேணும்னு கேட்டா, ஸ்டாப் வரைக்கும் ஒரு வழி வேணும், அவ்ளோதான்.

பிளாட்பாரம் எவ்ளோ உயரம், எவ்ளோ அகலம் இருக்கணும்னு ஏதாவது ரூல் இருக்கா?

இருக்கு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு, நாடு முழுக்க ரோடு போடறதுக்கான அளவுகளை அவங்கதான் வெளியிடறாங்க, நடக்கறவங்களுக்குன்னே 2012ல ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க. அதுப்படி தடையே இல்லாம நடக்கற அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. இதுல முக்கியமான விஷயம் "தடையே இல்லாம"ங்கறது. பிளாட்பாரம் மொத்தமா ரெண்டு மீட்டர் இருக்கு சார்னு சொல்லுவாங்க, நடுவுல மரம், கரண்ட் பெட்டி, போர்டு கம்பம் எல்லாம் போக எவ்ளோ மிச்சம்னு கேக்கணும். 1.8 மீட்டர்னா ரெண்டு வீல்சேர் எதிரும் புதிருமா வந்தா ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போற அளவு.

நம்ம மாநகராட்சியே 2014ல மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் போகணும்னு அதுல எழுதியிருக்கு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும், சரியான நடைபாதைங்கறது அரசியல் சாசனம் 21ஆவது பிரிவுல வர்ற வாழ்வுரிமையோட பகுதின்னு சொல்லிடுச்சு. அதனால மனு எழுதும்போது கெஞ்ச வேண்டியதில்ல, இதையெல்லாம் எடுத்துக் காட்டியே கேக்கலாம்.

எங்க ஏரியா பிளாட்பாரம் உடைஞ்சு கிடக்கு, யார்கிட்ட சொல்லணும்?

முதல்ல அந்த ரோடு யாரோடதுன்னு கண்டுபிடிங்க, பாதி வேலை அதுதான். உட்புறத் தெருக்கள் எல்லாம் மாநகராட்சி, வார்டு ஏஇ, அதாவது உதவிப் பொறியாளரைப் பாக்கணும். பஸ் போற ரோடுன்னா மாநகராட்சிக்குள்ளயே பேருந்து சாலைகள் துறைன்னு தனியா ஒண்ணு இருக்கு, சுமார் 387 கிலோமீட்டர் ரோடு அவங்க கையில, வார்டு ஆபீஸ்ல போய் நின்னா "அது எங்களோடது இல்ல"ன்னு சொல்றது உண்மையாவே இதனாலதான். அண்ணா சாலை மாதிரி பெரிய ரோடெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை. இது ரோடு மட்டும். அதே ரோட்ல மேன்ஹோல் மூடின்னா மெட்ரோ வாட்டர், கரண்ட் பெட்டின்னா மின்வாரியம், மழைநீர் வடிகால்னா மாநகராட்சியில இன்னொரு துறை, பிளாட்பாரத்து மேல வண்டி நிறுத்தியிருந்தா டிராஃபிக் போலீஸ். மெட்ரோ ரயில் வேலை நடக்கற இடத்துல தடுப்பு வெச்சிருந்தா அந்தத் துண்டு மட்டும் மெட்ரோ ரயில்காரங்க பொறுப்பு.

என்னோட அந்த 11 இடத்துல ஒரு இடத்துல பிளாட்பாரத்துக்கு நட்ட நடுவுல ஒரு பெரிய இரும்புப் பெட்டி நிக்குது, எந்த ஆபீஸோடதுன்னு இங்க சொல்ல வேணாம். ரெண்டு பக்கமும் அளந்தேன், ஒரு பக்கம் 40 சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல, அந்த 40லயும் ஒரு கேபிள் சுத்தி வெச்சிருக்கு. ஒரு ஆபீஸ்ல பெட்டியை நாங்க தொட முடியாதுன்னாங்க, அடுத்த ஆபீஸ்ல பிளாட்பாரத்தை அகலப்படுத்தினா பெட்டியைத் தள்ளி வெக்கறோம்னாங்க, திரும்ப முதல் ஆபீஸ் போனா பெட்டியை எடுத்தாத்தான் அகலப்படுத்த முடியும்னாங்க. ரெண்டு பேருமே மரியாதையாத்தான் பேசினாங்க. அவங்கவங்க பக்கத்துல பார்த்தா ரெண்டுமே சரியாவும் இருக்கு. ஆனா அம்மா இன்னமும் அந்த இடத்துல ரோட்ல இறங்கித்தான் போகணும், பின்னாடி தண்ணி லாரி வருது.

பஸ் ஸ்டாப்புக்கு யார் பொறுப்பு? எம்டிசிதானே?

பஸ்ஸை ஓட்டறது மட்டும்தான் எம்டிசி, அதாவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். நிழற்குடை கட்டறது மாநகராட்சி, அது நிக்கற ரோடு நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கலாம், ஸ்டாப்புக்கு முன்னாடி கார் நிக்காம பாத்துக்க வேண்டியது போலீஸ். பஸ் ஏன் ஸ்டாப்ல நிக்காம நாலடி தள்ளிப் போய் நடு ரோட்ல நிக்குதுன்னு டிரைவரைத் திட்டறதுக்கு முன்னாடி ஸ்டாப்புக்கு எதிர்ல என்ன நிக்குதுன்னு ஒரு தடவை பாருங்க. ரெண்டு ஆட்டோ, ஒரு கார், ஒரு டெலிவரி வண்டி. அவர் எங்க கொண்டு போய் ஒட்டி நிறுத்துவார்?

2024 ஆகஸ்ட்லேர்ந்து திரும்ப தாழ்தள பஸ் வர ஆரம்பிச்சிருக்கு. பழைய பஸ்ல தளம் தரையிலேர்ந்து 90 சென்டிமீட்டர், மூணு படி ஏறணும், இதுல 40தான், அதையும் ஒரு பக்கமா சாச்சு இன்னும் கொஞ்சம் இறக்கிக் குடுக்கலாம், வீல்சேருக்கு சாய்தளமும் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்து வாங்கினது அது. அந்த பஸ் பிளாட்பாரத்தை ஒட்டி நின்னாத்தான் அந்த 40 சென்டிமீட்டருக்கே அர்த்தம், நடு ரோட்ல நின்னா பிளாட்பாரத்துலேர்ந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவுல பூந்து, திரும்ப ஏறணும். அவ்ளோ காசு போட்டு வாங்கின பஸ்ஸை ஸ்டாப்ல நின்ன ஒரு கார் வீணாக்கிடுது, எனக்கு இதுதான் ரொம்ப ஆத்திரம்.

முக்கால் மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராம அப்புறம் மூணு சேர்ந்து வருதே, டீக்கடையில நின்னு பேசிட்டு சேர்ந்து கிளம்பறாங்களா?

இல்லங்க, இது எல்லா ஊர்லயும் நடக்கறது, காரணம் புரிஞ்சுட்டா கண்டக்டர் மேல கோவம் வராது. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஒழுங்காத்தான் கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க. முதல் பஸ் ஒரு சிக்னல்ல மூணு நிமிஷம் மாட்டிக்குது. மூணு நிமிஷம் லேட்டுன்னா அடுத்த ஸ்டாப்ல மூணு நிமிஷத்துக்கான ஆளுங்க கூட சேர்ந்துட்டாங்க, அவங்க ஏற இன்னும் நேரம் ஆவுது, அதுக்கு அடுத்த ஸ்டாப்ல இன்னும் கூட்டம். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஸ்டாப்ல ஆளே இல்ல, ஏன்னா முன்னாடி போனதுல எல்லாரும் ஏறிட்டாங்க, அதனால வேகமா வந்து முதல் பஸ்ஸைப் புடிச்சுடுது. முன்னாடி போற பஸ் புட்போர்டு வரைக்கும் தொங்கும், பின்னாடி வர்றது காலியா வரும், நீங்களே பாத்திருப்பீங்க. நம்ம ஊர்ல கண்டக்டர் சீட்ல உக்காந்துக்கிட்டே "டிக்கெட் பாஸ் பண்ணுங்க"ன்னு சொல்லுவார், காசு கை மாறி கை மாறிப் போய் டிக்கெட்டும் சில்லறையும் அதே மாதிரி திரும்பி வரும், யாரும் ஏமாத்த மாட்டாங்க, இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அது. ஆனா தொங்கற கூட்டத்துல டிக்கெட் போட்டு முடியறவரைக்கும் பஸ்ஸை ஓரமா நிறுத்த வேண்டியும் வரும், அதுலயும் சில நிமிஷம் போகும்.

சரி பண்ணணும்னா பஸ் மாட்டிக்கற இடத்தைக் குறைக்கணும். கூட பஸ் விட்டா மட்டும் போதாது, விட்ட பஸ்ஸும் அதே சிக்னல்லதான் வந்து நிக்கும்.

அப்போ பஸ்ஸுக்குன்னு தனி லேன் கேக்கறீங்களா? இருக்கற ரோடே பத்தலையே!

ஆமா, கேக்கறேன், ரோடு பத்தலங்கறதாலதான் கேக்கறேன். ஒரு பஸ்ல அறுபது எழுபது பேர் போறாங்க. அதே அறுபது பேர் ஒண்ணு ரெண்டு பேரா கார்ல கிளம்பினா நாப்பது கார், வரிசையா நிறுத்தினா ஒரு ஸ்டாப்புக்கு அடுத்த ஸ்டாப் வரைக்கும் போவும். இருக்கற ரோட்டை யாருக்கு எவ்ளோன்னு பிரிக்கறதுதான் அரசியல், அந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் மேம்பாலம் பக்கம் ஓடிடறாங்க. பஸ்ஸுக்குத் தனி வழி விடற பிஆர்டிஎஸ் திட்டம் பத்தி சென்னையில எத்தனையோ வருஷமா பேசறாங்க, ஒரு கிலோமீட்டர் கூட ஓடல.

மேம்பாலம் கட்டினா ட்ராஃபிக் குறையாதா?

கட்டின இடத்துல கொஞ்ச நாள் குறையும், அப்புறம் அடுத்த சிக்னலுக்குத் தள்ளிப் போவும். 1973ல ஜெமினி மேம்பாலம் வந்ததுலேர்ந்து கட்டிட்டேதான் இருக்கோம். இப்போ அண்ணா சாலையில தேனாம்பேட்டைலேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும் 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு மட்டும் 621 கோடி போட்டாங்க. கட்டவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. பாலத்து மேல ஸ்டாப் கிடையாது, பஸ்ஸுக்கு நிக்கறவங்க பாலத்துக்குக் கீழதான் இருப்பாங்க. பாலத்துக்குத் தூண் போடும்போது கீழ எவ்ளோ பிளாட்பாரம் மிஞ்சும், ரோடு தாண்ட எங்க வழின்னு பிளான் போடற அன்னிக்கே கேக்கணும். கட்டி முடிச்சப்புறம் கேட்டா நடைமேம்பாலம் ஒண்ணு வெக்கறோம்பாங்க, எங்கம்மா படி ஏற மாட்டாங்க.

மெட்ரோ வந்துட்டா இந்தப் பிரச்சனையெல்லாம் தீர்ந்துடுமே?

மெட்ரோ எனக்கும் புடிக்கும், 2015 ஜூன்ல கோயம்பேடு ஆலந்தூர் திறந்த புதுசுலயே போய் ஏறினவன் நான். இப்போ ஓடற முதல் கட்டம் சுமார் 54 கிலோமீட்டர், ரெண்டாம் கட்டம் மூணு வழித்தடத்துல 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. எல்லாம் முடிஞ்சாலும் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்குப் போக பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ வேணும், அதுக்கும் ஒரு பிளாட்பாரத்துல நடந்துதான் ஆகணும். மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர், எல்லாத் தெருவுக்கும் ரயில் வராது. மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைச்சு 2023 மே மாசம் 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தாங்களே, அதுல சாயங்காலம் போய் நின்னு பாருங்க, ரயிலையும் பஸ்ஸையும் சேத்து வெச்சா ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு தெரியும். லிஃப்ட் வேற இருக்கு.

ஃப்ரீ டிக்கெட்னாலதான் எம்டிசி நஷ்டத்துல ஓடுதுன்னு சொல்றாங்களே?

அந்தக் காசை மாநில அரசு கழகத்துக்குக் குடுக்குது. நஷ்டம்ங்கற பேச்சு ஃப்ரீ டிக்கெட்டுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்தே இருக்கறதுதான், 2018 ஜனவரியில கட்டணம் ஏத்தினப்பவும் அதையேதான் சொன்னாங்க. வீட்டு வேலைக்குப் போற அக்காங்ககிட்ட கேளுங்க, மாசம் மிச்சமாகற காசு எங்க போகுதுன்னு. என் தெருவுல ஒருத்தவங்க பொண்ணுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டறாங்க.

தள்ளுவண்டிக்காரங்கதானே பிளாட்பாரத்தை அடைச்சுக்கறாங்க? அவங்களை எடுத்தா போதுமே?

நான் ஒத்துக்க மாட்டேன். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அவங்களுக்குத் தொழில் பண்ண உரிமை இருக்கு, கணக்கெடுக்கணும், அடையாள அட்டை குடுக்கணும், எங்க விக்கலாம் எங்க விக்கக் கூடாதுன்னு வியாபாரிங்களும் உக்கார்ற நகர விற்பனைக் குழு முடிவு பண்ணணும், அதெல்லாம் முடியறதுக்கு முன்னாடி சும்மா லாரி கொண்டு வந்து தூக்கிட்டுப் போகக் கூடாது. எங்க ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு பூக்கார அம்மா, ஒரு இட்லிக் கடை. ராத்திரி பத்து மணிக்கு அந்த ஸ்டாப்ல பொண்ணுங்க தைரியமா நிக்கறாங்கன்னா அந்த இட்லிக் கடை லைட்டுதான் காரணம். வண்டி 1.8 மீட்டரை விட்டுட்டு நிக்கணும், அதை அவங்ககிட்ட பேசினா கேட்டுப்பாங்க, நான் பேசியிருக்கேன், அந்த அம்மா கூடையை அன்னிக்கே சுவரோரமா நகத்திட்டாங்க. ஒரு கார் நிக்க ரெண்டரைக்கு அஞ்சு மீட்டர் இடம் வேணும், பன்னெண்டரை சதுர மீட்டர். அந்த இடத்துல மூணு குடும்பம் பொழைக்கும்.

கார் வெச்சிருக்கறவங்களும் வரி கட்றோமே, எங்க நிறுத்தறது?

நியாயமான கேள்விதான், கோவப்படாம பேசலாம். வண்டிக்குக் கட்டற வரி ரோட்ல ஓட்டறதுக்கு, ராத்திரி பகலா தெருவுல வெக்கறதுக்கு வாடகை இல்ல. பிளாட்பாரத்து மேல நிறுத்தறது எப்படிப் பார்த்தாலும் சட்டப்படி தப்பு. ரோட்டோரத்துல எங்க நிறுத்தலாம்னு கோடு போட்டு, அதுக்குக் காசு வாங்கி, அந்தக் காசை அதே தெருவோட பிளாட்பாரத்துக்குச் செலவு பண்ணுங்கன்னு நாங்க கேக்கறோம். கார் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தரே எங்க மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கார், அவரோட அப்பாவும் நடக்க முடியாம இருக்கார்.

பாண்டி பஜார் மாதிரி எல்லா இடத்துலயும் பண்ண முடியாதா?

2019 நவம்பர்ல பாண்டி பஜார் இருக்கற தியாகராயா ரோட்ல அகல நடைபாதை திறந்ததுலேர்ந்து கேக்கற கேள்வி இது. பண்ண முடியும்னு அது காட்டிடுச்சு. ஆனா கிரானைட் பெஞ்சு எல்லாம் எங்களுக்கு வேணாம், வியாசர்பாடியிலயும் புளியந்தோப்புலயும் சமமா ஒரு சிமெண்ட் பிளாட்பாரம், தெரு வந்து சேர்ற இடத்துல சாய்தளம், ராத்திரிக்கு லைட். அந்தப் பக்கத்துக்குத்தான் இது மொதல்ல போகணும்னு நெனக்கறேன், ஏன்னா பஸ்ஸையும் காலையும் நம்பி இருக்கறவங்க அங்கதான் அதிகம்.

கவுன்சிலருக்கும் மேயருக்கும் இதுல என்ன பவர் இருக்கு?

1688ல ஆரம்பிச்ச மாநகராட்சி, இந்தியாவுலயே பழசு. ஆனா பஸ் மாநில அரசு, போலீஸ் மாநில அரசு, பெரிய ரோடும் மாநில அரசு. மேயரை 1996லயும் 2001லயும் 2011லயும் ஜனங்க நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம், 2006லயும் 2022லயும் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தாங்க. 2016 அக்டோபர்லேர்ந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது, 200 வார்டுக்கும் அதிகாரிங்கதான். அந்த அஞ்சு வருஷம் தெருவுல ஒரு கல்லு பேந்தா யார் வீட்டுக் கதவைத் தட்டறதுன்னே தெரியாம இருந்தோம், அதை மறக்கவே முடியாது.

எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சு முடிவெடுக்கத்தான் கும்டான்னு ஒரு போக்குவரத்து ஆணையம், சட்டம் 2010லயே வந்துடுச்சு, தலைவர் முதலமைச்சர். 2025 செப்டம்பர்ல சென்னை ஒன் ஆப் வந்துச்சே, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாத்துக்கும் ஒரே கியூஆர், அது அவங்க செஞ்சதுதான். டிக்கெட்டை ஒண்ணாக்க முடிஞ்சவங்களால ஸ்டாப்பையும் அதுக்குப் போற பிளாட்பாரத்தையும் ஒரே கணக்குல கொண்டு வர முடியும்னு நான் முழுசா நம்பறேன்.

நானே புகார் குடுக்கணும்னா எப்படி? சொன்னா நடக்குமா?

மாநகராட்சிக்கு 1913, பஸ் சம்பந்தமா 149. போன் பண்ணா நம்பர் குடுப்பாங்க, அதை எழுதி வெச்சுக்கோங்க. "பிளாட்பாரம் மோசமா இருக்கு"ன்னு பொதுவா சொன்னா மூடிட்டு அனுப்பிடுவாங்க. எந்தக் கடைக்கு எதிர்ல, எந்த விளக்குக் கம்பத்துலேர்ந்து எந்தக் கம்பம் வரைக்கும், எத்தனை சென்டிமீட்டர்னு சொல்லணும், கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும். போட்டோ எடுக்கும்போது டேப்பை வெச்சு எடுங்க, நம்பர் தெரியற மாதிரி. ஒரு புகார்ல ஒரே ஒரு விஷயம்தான், பெட்டியும் மேன்ஹோலும் சேத்து எழுதினா ரெண்டு துறையும் மத்தவங்களுக்குத் தள்ளிடுவாங்க. வார்டுல பகுதி சபைக் கூட்டம் நடந்தா கண்டிப்பா போங்க, கவுன்சிலர், அதிகாரி எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கற நேரம் அது ஒண்ணுதான், அங்க சொன்னது பதிவேட்ல ஏறுச்சான்னு பாத்துட்டு வெளிய வாங்க.

நாங்க எட்டு பேர் சேர்ந்து அந்த 11 இடத்தையும் 11 தனித்தனி புகாரா போட்டோம். இதுவரைக்கும் நாலு இடத்துல சாய்தளம் போட்டுட்டாங்க, அந்த 34 சென்டிமீட்டர் இடமும் அதுல ஒண்ணு. பெட்டி அங்கயேதான் நிக்குது. போன வாரம் அம்மா பூக்கார அம்மா வரைக்கும் தனியா நடந்து போய் ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வந்தாங்க, ஸ்டாப் அங்கேர்ந்து இன்னும் நூறு மீட்டர் கூட இல்ல.